உடனிருப்போரும் ஒரு மருந்து
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

கடல் கடந்து வந்து இந்த அபர்டீன் பஜாரையே தங்கள் ஊராக்கிக்கொண்ட பெரியோர்களே! தாய்மார்களே! இளைஞர்களே!

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் மரபு. இம்மேடையில் சிலம்பின் சுவையைக் கேட்டிருக்கிறீர்கள்; கம்பனின் கவிநயத்தைக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இன்று அளிக்கப்பட்டுள்ள பொருளோ, இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பின் இல்லத்தில் நலம் பெறுதல் என்பது. "விழா நாளில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு?" என்று சிலர் எண்ணக்கூடும். அன்பர்களே, இந்த மண்டபத்தைச் சற்றே சுற்றிப் பாருங்கள். சென்ற ஆண்டுகளில் முன் வரிசையில் அமர்ந்து விழாவை அழகு செய்த முதியோர் சிலர் இன்று வரவில்லை. அவர்களுக்குத் தமிழின் மீதுள்ள காதல் குறைந்துவிடவில்லை, கால் ஒத்துழைக்கவில்லை. அவர்களை மீண்டும் இம்மண்டபத்திற்கு அழைத்து வருவது எப்படி என்பதே என் பேச்சின் பொருள். இதனினும் விழாவுக்குரிய பொருள் வேறு உண்டோ?

இப்பொருளுக்கும் இலக்கியத்திற்கும் தொடர்பு இல்லாமலும் இல்லை. திருக்குறளில் 'மருந்து' என்பது 95ஆம் அதிகாரம். அதன் இறுதிக் குறளில் தெய்வப் புலவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவர் ஒருவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர் ஒருவர், மருந்து ஒன்று, அருகிருந்து துணை செய்பவர் ஒருவர். இந்நான்கும் கூடியதே மருத்துவம் என்பது வள்ளுவர் கண்ட முடிவு. நோயாளியையும் மருத்துவரையும் மருந்தையும் எவரும் எண்ணுவர். அருகிருப்பவரையும் ஒரு கூறாக எண்ணி, மருத்துவருக்கு நிகராக நிறுத்தினாரே, அங்கேதான் வள்ளுவரின் பெருமை விளங்குகிறது. இக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், அருகிருப்பவருக்கு வேண்டிய பண்புகள் நான்கு என்று விரித்துரைக்கிறார். நோயாளியிடம் அன்பு, மனமும் மொழியும் உடலும் தூயனவாக இருத்தல், சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் ஆற்றல், அறிவு என்பன அவை. நம் இல்லங்களில் முதற்பண்பாகிய அன்புக்குக் குறைவே இல்லை. ஏனைய மூன்றும் அதனோடு சேராவிடில், அந்த அன்பே நோயாளியைக் கட்டிலோடு கட்டிப்போடும் கயிறாகிவிடும். நான் இன்று வலியுறுத்த விரும்பும் கருத்து இதுவே.

முதலில் இம்மூட்டின் இயல்பைச் சிறிது காண்போம். தொடை எலும்பின் மேல்முனை பந்து போன்றது. இடுப்பு எலும்பில் அதற்கேற்ற கிண்ணம் ஒன்று உண்டு. கிண்ணத்தில் பந்து சுழல்வதால்தான் நடக்கிறோம், அமர்கிறோம், குனிகிறோம். வழுவழுப்பான குருத்தெலும்பு இவ்விரண்டையும் போர்த்தியிருக்கும். முதுமையில் அக்குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுவதும் உண்டு. குருதியோட்டம் குன்றிப் பந்தின் எலும்பு மடிந்து நொறுங்குவதும் உண்டு. கீழே விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிவதும் உண்டு. இவற்றுள் எது நேரினும், மருத்துவர் பழுதுற்ற பந்தையும் கிண்ணத்தையும் நீக்கிச் செயற்கை மூட்டைப் பொருத்துகின்றனர். எலும்பு முறிவில் சிலர்க்குப் பந்தை மட்டும் மாற்றுவதும் உண்டு.

இவ்வறுவையின் வரலாறு சுவையானது. 1891ஆம் ஆண்டளவில் பெர்லினில் தெமிஸ்டோக்கிளிஸ் கிளக் என்னும் அறுவை மருத்துவர் யானைத் தந்தத்தால் செய்த பந்தைப் பொருத்திப் பார்த்தார். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி, கிண்ணத்திற்கு டெஃப்லான் என்னும் வழுக்கும் பொருளைப் பயன்படுத்தினார். அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்து பல நோயாளிகளுக்குத் துன்பம் விளைத்தது. அவர் மனம் தளராமல் வேறு பொருளைத் தேடினார். லங்காஷயர் நெசவுத் தறிகளின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட ஒருவகைப் பாலித்தீன் அவருடைய ஆய்வுக்கூடத்தை வந்தடைந்தது. உலோகப் பந்தும் பாலித்தீன் கிண்ணமும் கொண்ட மூட்டை அவர் 1962ஆம் ஆண்டு நவம்பரில் முதன்முதலாகப் பொருத்தினார். இன்று உலகெங்கும் செய்யப்படும் இவ்வறுவைக்கு அதுவே அடித்தளம். துணி நெய்யும் தறியிலிருந்து மனிதர் நடக்கும் மூட்டு பிறந்தது என்றால் வியப்பன்றோ!

நமக்கு இன்னும் அணுக்கமான செய்தி ஒன்றும் உண்டு. நம்மில் சிலருடைய பெற்றோரும் பாட்டன்மாரும் பர்மாவில் வாழ்ந்து, அங்கிருந்து பெயர்ந்து இத்தீவுகளில் குடியேறியவர்கள். அந்தப் பர்மாவின் மாந்தலே நகர மருத்துவமனையில் டாக்டர் சான் பா என்னும் அறுவை மருத்துவர் 1960ஆம் ஆண்டில், 83 வயதுடைய பௌத்தத் துறவியார் ஒருவருக்குத் தந்தத்தைச் செதுக்கிச் செய்த இடுப்புப் பந்தைப் பொருத்தினார். பின்னர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர்க்கு அவ்வாறே செய்து, 1969ஆம் ஆண்டில் லண்டன் மாநாட்டில் அதைப் பற்றிக் கட்டுரையும் படித்தார். தம் நோயாளிகள் நடந்தனர் என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. அவர்கள் குந்தி அமரவும் இயன்றது என்பதையும் எடுத்துக்காட்டினார். ஏன்? நாற்காலியில் வாழும் மக்களுக்கு நடந்தால் போதும். தரையில் வாழும் மக்களுக்கோ குந்துவதும் எழுவதும் வாழ்க்கையின் பாதி. பர்மியர்க்கு மட்டுமா? தமிழராகிய நமக்கும் அஃது அப்படியே பொருந்தும்.

இங்கேதான் நம் இல்லத்தின் சிக்கல் தொடங்குகிறது. நாம் தரையில் பாய் விரித்துப் படுப்போம்; சம்மணமிட்டு உண்போம்; அரிவாள்மணையின் மேல் அமர்ந்து காய் நறுக்குவோம்; குந்தியிருந்து தேங்காய் துருவுவோம்; பெரியோர் காலில் விழுந்து வணங்குவோம்; குந்தும் கழிப்பறையையே பயன்படுத்துவோம். இவை யாவும் நல்ல பழக்கங்களே. ஆயினும் புதிய மூட்டு பொருத்திய முதல் மூன்று மாதங்களில் இவை ஒவ்வொன்றும் அம்மூட்டுக்குப் பகையாகலாம். மூட்டைச் சுற்றியுள்ள தசையும் தசைநாரும் அறுவையில் பிரிக்கப்பட்டு மீண்டும் இணைக்கப்பட்டவை. அவை உறுதி பெறும்வரை இடுப்பை மிகுதியாக மடக்கினால் பந்து கிண்ணத்தைவிட்டு நழுவக்கூடும்.

ஆதலின், உடலின் பின்பக்கமாக அறுவை செய்தவர்க்கு மருத்துவர் பொதுவாக மூன்று விதிகளைக் கூறுவர். இடுப்பைச் செங்கோணத்திற்கு மேல் மடக்கலாகாது. கால்மேல் கால் போடலாகாது. அறுவை செய்த காலை உட்புறமாகத் திருப்பலாகாது. முன்பக்கமாக அறுவை செய்தவர்க்கு விதிகள் வேறுபடும். சில மருத்துவர் இக்காலத்தில் விதிகளைத் தளர்த்தியும் உள்ளனர். அடுத்த வீட்டுக்காரருக்குச் சொன்ன விதியை நம் வீட்டில் கடைப்பிடிப்பது தகாது. நமக்குச் சொன்னதை எழுதி வாங்கி, சுவரில் ஒட்டி, அவ்வாறே நடத்தல் வேண்டும். பரிமேலழகர் கூறிய 'சொல்லியதைச் சொல்லியவாறே செய்தல்' என்பதன் பொருள் இதுதான்.

அறுவைக்கு உரியவர் வீடு திரும்பும் முன்னரே வீடு அவருக்காக மாறியிருத்தல் வேண்டும். பாய்க்கு மாற்றாகக் கட்டில் வேண்டும். அதன் உயரம், அமர்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கும் அளவினதாக இருத்தல் நலம். கைப்பிடியுள்ள உறுதியான, உயரமான நாற்காலி ஒன்று வேண்டும். ஆழ்ந்த மெத்தை நாற்காலிகள் அழகாயிருக்கும். ஆனால் அவற்றில் அமர்ந்தால் இடுப்பு மடங்கும், எழுவதும் அரிது. குந்தும் கழிப்பறை உள்ள வீட்டில் கமோடு நாற்காலி ஒன்றை வாங்கி வைத்தல் இன்றியமையாதது. சமையலறையில் அரிவாள்மணையை ஒதுக்கி, இடுப்புயர மேசையில் கத்தியால் நறுக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். நாள்தோறும் எடுக்கும் பொருள்கள் யாவும் மார்புக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருத்தல் வேண்டும். கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்காமல், நீண்ட கைப்பிடியுள்ள இடுக்கியால் எடுக்கலாம். அன்றி வீட்டுப் பிள்ளைகளை அழைக்கலாம்.

இத்தீவில் வாழ்வோர்க்கு வேறொரு கடமையும் உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் நிலம் இது. மே மாதத்தில் தொடங்கும் மழை ஆண்டின் இறுதிவரை விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருக்கும். வாயிற்படியிலும் பின்கட்டிலும் குளியலறைத் தரையிலும் பாசி படர்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். முதியோர் இடுப்பெலும்பு முறிவுகளுள் மிகப் பெரும்பாலானவை எளிய வீழ்ச்சியால் நேர்பவை. ஈரத்தரை, கால் இடறும் மிதியடி, இரவில் விளக்கில்லாத நடைவழி ஆகியவையே நம் முதியோரின் எதிரிகள். பாசியைத் தேய்த்துக் கழுவுதல், குளியலறையில் சுவரோடு கைப்பிடி பொருத்துதல், வழுக்காத விரிப்பு இடுதல், இரவில் சிறு விளக்கு எரிய விடுதல் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய். விழுந்தபின் ஆகும் செலவோ இலட்சங்களைத் தொடும். பணமேனும் திரும்பி வரும், உயிர் வாராது. இடுப்பெலும்பு முறிந்த முதியோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர் எனப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்களுட் பலரை மாய்ப்பது முறிவைவிடப் படுக்கையே. நெடுநாள் படுத்திருப்பதால் வரும் நுரையீரல் அழற்சியும், படுக்கைப் புண்ணும், காலில் உறையும் குருதியும் உயிரைக் குடிக்கின்றன.

இதை நான் அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. அறுவை முடிந்தவுடன் நம் வீடுகளில் எழும் முதற்குரல் யாது? "பேசாமல் படுத்திருங்கள், நாங்கள் எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்" என்பது. இது அன்பின் குரல். ஆனால் மருத்துவரோ அறுவை செய்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நிற்க வைக்கிறார். நின்றால்தான் குருதி ஓடும். ஓடினால்தான் தசை தேறும். படுத்திருக்கும்போதும் பாதங்களை மேலும் கீழும் அசைத்தல், தொடைத் தசையை இறுக்கிச் சில நொடிகள் நிறுத்தித் தளர்த்தல், குதிகாலைப் படுக்கையின் மேல் வழுக்கி முழங்காலைச் சிறிது மடக்குதல் ஆகிய பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் கற்பித்த அளவில் நாள்தோறும் பலமுறை செய்தல் வேண்டும். ஒரேயடியாக நெடுந்தொலைவு நடப்பதைவிட, சிறு நடைகளாகப் பலமுறை நடப்பதே சிறந்தது. உறங்கும்போது கால்களுக்கிடையே தலையணை ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

முதலில் வாக்கர் என்னும் நடைச்சட்டத்தின் துணையோடு நடப்பர். சில வாரங்கள் சென்றபின் கைத்தடிக்கு மாறுவர். கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது? நோயுற்ற காலின் பக்கத்திலேயே பிடிப்பவர் பலர். அது தவறு. வலக்காலில் அறுவை நடந்திருந்தால் இடக்கையில் தடி இருத்தல் வேண்டும். அப்போதுதான் உடலின் பளு புதிய மூட்டிலிருந்து விலகித் தடியின் மேல் சாரும்.

படி ஏறுவதற்கும் முறை உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். மேடும் பள்ளமுமாகிய இவ்வூரில், படியில்லாத வீடு அரிது. மணிக்கூண்டைச் சுற்றியுள்ள கடைகளின் மேல்மாடிகளில் குடியிருப்போர் எத்தனை பேர்! அவர்கள் இவ்விதியைப் பாடம் செய்து கொள்ளுதல் வேண்டும். "நல்லவர் மேலே போவார், நலிந்தவர் கீழே இறங்குவார்" என்று நினைவிற் கொண்டால் மறவாது.

உணவைப் பற்றியும் ஒரு சொல். கடல் நமக்கு மீனை வாரி வழங்குகிறது. மீனும் முட்டையும் பருப்பும் பாலும் தசை வளர்ச்சிக்கு உதவும். வலி மாத்திரைகளால் மலச்சிக்கல் உண்டாவதால் கீரையும் பழமும் நீரும் மிகுதியாக வேண்டும். குருதி உறையாமைக்கான மருந்தை மருத்துவர் சில வாரங்களுக்குக் கொடுப்பர். "உடம்பு தேறிவிட்டதே" என்று அதை இடையில் நிறுத்தலாகாது. தைலம் தேய்த்து இடுப்பைப் பிசைந்து விடுவதும், காலை இழுத்து விடுவதும் அறவே கூடாது. புண்ணைத் தொடுமுன் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும். பச்சிலையும் மஞ்சளும் புண்ணின் மேல் அப்பலாகாது. தூய்மை என்பதும் அருகிருப்பவர்க்குரிய பண்பு என்பதை மறவாதீர்கள்.

அறிவு என்பது நான்காம் பண்பு. எப்போது காத்திருக்கலாம், எப்போது ஓட வேண்டும் என்று அறிவதே இங்கு அறிவு. கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து வலித்தாலும், புண்ணிலிருந்து நீர் அல்லது சீழ் கசிந்தாலும், குளிர்காய்ச்சல் கண்டாலும் அன்றே மருத்துவரைக் காணுதல் வேண்டும். திடீரென்று மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ, இடுப்பில் கடும் வலி தோன்றிக் கால் குட்டையாகித் திரும்பி நின்றாலோ, ஒரு நொடியும் தாழ்த்தலாகாது. செல்லுலர் சிறையின் இடிக்கப்பட்ட பகுதி இருந்த இடத்தில் எழுந்த ஜி. பி. பந்த் மருத்துவமனை இந்தப் பஜாரிலிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கிறது. ஒரு காலத்தில் மனிதரை விலங்கிட்டு நடக்கவொட்டாமல் செய்த இடத்தில் இன்று மனிதரை நடக்க வைக்கும் பணி நடைபெறுகிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தயங்குவது ஏன்?

எனினும் மூட்டு மாற்று அறுவைக்காக இன்றும் நம்மவர் பலர் சென்னைக்குச் செல்கின்றனர். இங்கிருந்து சென்னைக்குக் கடல்வழி ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். வானூர்தியில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மிகுதி. கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். அறுவைக்குப் பின் முதற்சில வாரங்களில் குருதி உறையும் அபாயம் மிகுதி. ஆதலால் மருத்துவர் ஒப்புதலின்றி வானூர்தியில் ஏறலாகாது. கப்பலிலோ செங்குத்தான ஏணிப்படியும், அலையில் ஆடும் தளமும், தாழ்ந்த படுக்கையும் புதிய மூட்டுக்கு ஏற்றவையல்ல. ஆகவே தீவுவாசிகள் சென்னையிலேயே சில வாரங்கள் தங்கும் செலவையும், தையல் பிரித்த பின் மறுமுறை மருத்துவரைக் காணும் நாளையும் முன்கூட்டியே கணக்கிடுதல் வேண்டும். அறுவைக் குறிப்பையும், பொருத்திய மூட்டின் விவரச் சீட்டையும், ஒளிப்படங்களையும் கையோடு கொண்டு வருதல் வேண்டும். வானூர்தி நிலையச் சோதனையில் உலோக மூட்டு ஒலி எழுப்பக்கூடும். அதிகாரியிடம் முன்னரே கூறிவிடலாம்.

இவற்றையெல்லாம் நூலில் மட்டும் படித்து நான் கூறவில்லை. என் துணைவியார்க்கு இவ்வறுவை சென்னையில் நடந்தது. ஏழாம் வாரத்தில் இங்கு திரும்பினோம். பஜாரின் பின்தெருவில் மாடியில் எங்கள் குடியிருப்பு. ஏறுவதற்கு இருபத்திரண்டு படிகள். பிள்ளைகள் வெளியூரில் பணியில் இருக்கின்றனர். உறவினர் யாவரும் கடலுக்கு அப்பால். நானோ எழுபதைக் கடந்தவன். எங்களுக்குத் துணை நின்றவர் யார் என்று எண்ணுகிறீர்கள்? கீழ்க்கடைத் தெலுங்கு அன்பர் தம் கடையிலிருந்த உயரமான நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். அடுத்த வீட்டு வங்காள அம்மையார் மாலைதோறும் வந்து, என் துணைவியாரைத் தாழ்வாரத்தில் நடத்திச் செல்வார். அவர்க்குத் தமிழ் தெரியாது. இவர்க்கு வங்காளம் தெரியாது. இருவரும் பேசியது உடைந்த இந்தி. "தீதி, இன்னும் ஒரு சுற்று" என்பார் இவர். "அக்கா, போதும், நாளைக்கு மிச்சம் வையுங்கள்" என்பார் அவர். 'அக்கா' என்ற ஒரு தமிழ்ச் சொல்லை அவர் எங்கிருந்தோ கற்று வைத்திருந்தார். மூன்றாம் மாத முடிவில் என் துணைவியார் கைத்தடியூன்றித் தாமே படியிறங்கி, மரைனா பூங்காவரை நடந்து, கடற்காற்று வாங்கித் திரும்பினார். அறுவை நிகழ்ந்தது சென்னையில். அவர் நலம் பெற்றதோ இந்தப் பஜாரின் ஒரு தாழ்வாரத்தில்.

அந்நாட்களில் நான் ஒன்றை உணர்ந்தேன். கட்டிலும் கமோடு நாற்காலியும் வாங்கிவிடலாம். நோயாளியின் மனத்தை வாங்க இயலாது. நேற்றுவரை வீட்டையே தாங்கிய ஒருவர், இன்று கழிப்பறைக்குச் செல்லவும் பிறர் கையைப் பற்ற வேண்டும் என்றால் அவர் உள்ளம் எப்படிக் குன்றும்! அவரைக் குழந்தைபோல் நடத்துவதும் பிழை. "உங்களால் முடியும்" என்று விரட்டுவதும் பிழை. அவரால் இயன்றதை அவரே செய்ய விட்டு, இயலாததில் மட்டும் கை கொடுப்பதே முறை. அமர்ந்தபடி கீரை ஆய்வார், கணக்கு எழுதுவார், பேரப்பிள்ளைக்குப் பாடம் சொல்வார். செய்யட்டும். தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: "நான் படுத்துவிட்டால் சமையலை யார் பார்ப்பார்?" என்று எண்ணி அறுவையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவோர் உங்களுள் பலர். ஆடவர்க்கும் ஒரு வேண்டுகோள்: அந்தக் கேள்விக்கு விடையாக நீங்களே அடுப்படியில் நில்லுங்கள். உலை வைக்கத் தெரியாத ஆண்மகன் 'அருகிருப்பவர்' ஆவது எங்ஙனம்?

செயற்கை மூட்டு எத்தனை காலம் உழைக்கும் என்று கேட்போர் உண்டு. 2019ஆம் ஆண்டில் வெளியான ஒரு விரிந்த ஆய்வு, மாற்றப்பட்ட இடுப்பு மூட்டுகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 58, 25 ஆண்டுகள்வரை உழைப்பதாகக் காட்டுகிறது. அறுபத்தைந்து வயதில் மூட்டு மாற்றியவர் தொண்ணூறு வயதுவரை நடக்க வாய்ப்புண்டு என்பது இதன் பொருள். இத்தனை ஆண்டு நடையைத் தீர்மானிப்பதில், அறுவையரங்கின் இரண்டு மணி நேரத்திற்கு எவ்வளவு பங்குண்டோ, அதன் பின் இல்லத்தில் கழியும் மூன்று மாதங்களுக்கும் அவ்வளவு பங்குண்டு.

பேச்சோடு நின்றுவிடாமல் ஒரு செயலையும் சங்கத்தின் முன் வைக்கிறேன். நம்மில் ஒவ்வொரு வீடும் நடைச்சட்டமும் கமோடு நாற்காலியும் உயரமான நாற்காலியும் வாங்குகிறது. மூன்று மாதம் சென்றபின் அவை மூலையில் கிடந்து துருப்பிடிக்கின்றன. அதே நேரத்தில் மூன்றாம் தெருவில் ஒருவர் அவையின்றித் தவிக்கிறார். சங்கத்தின் நூலகத்தில் நூல்களை இரவல் தருவது போல, இப்பொருள்களையும் இரவல் தரும் ஓர் அறையை ஒதுக்கினால் என்ன? நூல் திரும்பி வருவதைவிடக் கைத்தடி விரைவில் திரும்பி வரும் என்பது என் நம்பிக்கை. (சிரிப்பு.) எங்கள் வீட்டிலுள்ள நடைச்சட்டத்தையும் கமோடு நாற்காலியையும் முதற்காணிக்கையாக நாளையே கொண்டு வந்து ஒப்படைக்கிறேன். மேலும், அறுவை முடிந்து திரும்பும் ஒவ்வொருவர் வீட்டிற்கும் மாலையில் அரை மணி நேரம் சென்று உடன் நடக்க இளைஞர் நால்வரோ ஐவரோ முன்வருதல் வேண்டும். பழக்கூடையோடு வந்து, கட்டிலருகே அமர்ந்து, தத்தமக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் சொல்லிச் செல்வோர்க்கு நம்மிடையே பஞ்சமில்லை. உடன் நடப்போரே வேண்டும். அவர்கள் தமிழர் வீட்டிற்கு மட்டுமன்றி, வங்காளியர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சி மக்கள் எவர் வீட்டிற்கும் செல்லுதல் வேண்டும். எங்களுக்குத் துணை நின்றவர்கள் எங்கள் மொழியைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

அன்பர்களே! 2024ஆம் ஆண்டில் போர்ட் பிளேர் என்னும் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாறியது. ஊரின் பெயர் மாறினும் மேடும் மழையும் மாறவில்லை. உறவினர் கடலுக்கு அப்பால் இருக்கும் நிலையும் மாறவில்லை. தாய்நாட்டில் அத்தையும் சித்தியும் மாமனும் செய்யும் பணியை இங்கே அயலாரும் சங்கமும் செய்தாக வேண்டும். புலம்பெயர்ந்தோர் சங்கம் அமைப்பதன் நோக்கம் ஆண்டுக்கொரு நாள் கூடிக் கலைவது மட்டுமன்று; ஒருவர் கால் தளரும் நாளில் மற்றவர் தோள் கொடுப்பதே அதன் முதல் நோக்கம். வள்ளுவர் கூறிய நான்கு கூறுகளுள் மூன்றை மருத்துவமனை தரும். நான்காவதை நாமே தருதல் வேண்டும்.

அடுத்த ஆண்டு விழாவில், இன்று வெறுமையாக இருக்கும் அந்த முன்வரிசை இருக்கைகளில் நம் முதியோர் கைத்தடியோடு வந்து அமர்தல் வேண்டும். அவர்களுக்கு உயரமான நாற்காலி போடும் பொறுப்பை இன்றே ஏற்போம்.